மலையில் தோண்டிய கிழங்கை வாங்காதீர்கள்: வீட்டுத்தோட்ட நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் மாடியிலும் வாசலிலும் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

போன ஐப்பசியில் சந்தைக்குப் போனபோது, ஒரு சாக்கின் மேல் செங்காந்தள் கிழங்குகளை ஈர மண்ணோடு குவித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒடிந்து கிடந்தன. சிலவற்றில் பூத்த கொடியே வாடித் தொங்கியது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "மலையிலதான் தோண்டினோம்" என்றார் விற்றவர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வாங்க ஆள் இருக்கிறது, கொண்டுவருகிறார். அந்த ஆட்கள் நாம்தான். அதனால் இந்த மடலை உங்களுக்கே எழுதுகிறேன்.

பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஆயாவின் கொல்லைக்கு முள்வேலிதான். கார்த்திகை பிறந்தால் அந்த வேலி முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருக்கும். ஊரில் கண்வலிப்பூ என்பார்கள். உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று ஆயா மிரட்டுவார். நாங்கள் ஒளிந்து நின்று பார்ப்போம். பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, சில நாளில் ஆரஞ்சாகி, கடைசியில் ரத்தச் சிவப்பாக நிற்கும். சங்கப் பாட்டில் பெண்ணின் விரலுக்கு உவமையாக வந்த காந்தள் இதுதான் என்பது பள்ளியில் படித்தபோதுதான் தெரிந்தது. நம் மாநிலப் பூவும் இதுவே. அந்த வேலி இன்று இல்லை. கொல்லையை மனை போட்டபோது ஒரே நாளில் பொக்லைன் வழித்துவிட்டது. வேலியில் இருந்தது இப்படிப் போனது. மிச்சம் மலையில்தான் இருக்கிறது.

அதையும் பூக்கும் காலத்தில்தான் தோண்டுகிறார்கள். மற்ற நாளில் கொடி கண்ணில் படாது, பூ வந்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் தோண்டக்கூடாத நேரமே அதுதான். இந்தச் செடியின் கிழங்கு ஒவ்வோர் ஆண்டும் தன் சத்தையெல்லாம் கொடிக்குக் கொடுத்துச் சுருங்கிப்போகும். அதே பருவத்தில் மண்ணுக்குள் புதுக்கிழங்கு ஊறும். பூவோடு தோண்டினால் பழையதும் தீர்ந்திருக்கும், புதியதும் முற்றியிருக்காது. காயும் விதையும் இல்லாமல் அந்த இடத்தில் அதன் வம்சமே நின்றுவிடும்.

நானும் பத்து வருடத்துக்கு முன் அப்படி மூன்று கிழங்கு வாங்கியவன். ஒன்றும் முளைக்கவில்லை. கலப்பை போல வளைந்த இந்தக் கிழங்கில் முளைக்கும் கண் நுனியில்தான் இருக்கும். அது மிக எளிதாக ஒடியும், ஒடிந்தால் கிழங்கு வீண். மலையில் மூன்று கொடி அழிந்ததற்கு நான் காரணம் என்ற நினைப்பு இன்னும் உறுத்துகிறது.

அரசு பாதுகாக்கும் காப்புக்காட்டில் தோண்டுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். காவிரி வடக்கு, தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சட்டத்துக்குப் பயந்து மட்டும் விடச் சொல்லவில்லை. வேறு நல்ல வழி இருக்கிறது.

மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் விதைக்காகவே இதைப் பயிர் செய்கிறார்கள். பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்க்கும் பொறுமைக்காரர்கள் அவர்கள். அவர்கள் வயலில் பெருகிய கிழங்கா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேண்டாம். அதைவிட எனக்குப் பிடித்தது விதை. தெரிந்தவர் வேலியில் கொடி இருந்தால், கேட்டுக்கொண்டு, வெடித்த காய் ஒன்றிரண்டு மட்டும் எடுங்கள். மற்றவை அங்கேயே உதிரட்டும். புது விதை உடனே முளைக்காது, சில மாதம் உறங்கும். முளைத்த முதல் வருடம் புல் போல நாலு இலைதான் தெரியும். பூவுக்கு மூன்று வருடமாவது ஆகும். என் கொடி நாலாம் வருடம் பூத்தது. அன்று காலை பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

நம் செம்மண் இதற்கு ஏற்றது. தண்ணீர் தேங்கினால் மட்டும் கிழங்கு அழுகும். ஆடியில் நட்டு, நுனியை ஒடிக்காமல் படுக்க வைத்து, நாலு விரல் மண் மூடினால் போதும். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும், ஆகவே பக்கத்தில் குச்சியோ கம்பியோ வேண்டும். காய் முற்றியதும் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத ஓரத்தில் வையுங்கள். அடுத்த பருவத்தில் தானே வரும்.

ஒரு விஷயத்தில் உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். இது விஷச்செடி. கிழங்கு, விதை, இலை எல்லாவற்றிலும் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கீல்வாத மருந்துக்கு அளந்து பயன்படும் அதே பொருள், கிழங்காகத் தின்றால் உயிரைக் குடிக்கும். சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்றவர்களும் உண்டு. கைக்குழந்தையும் ஆடு மாடும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கிழங்கைத் தொட்டால் கையுறை போடுங்கள். தொட்டியில் 'விஷம்' என்று பெரிதாக எழுதுங்கள். கைவைத்தியத்துக்கு யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் செடியின் துண்டோடு உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், அதை நம்ப வேண்டாம்.

வீட்டில் பெருகிய கிழங்கை வத்தல்மலையிலோ அஞ்செட்டிக் காட்டிலோ கொண்டுபோய் நட வேண்டும் என்று சிலருக்கு ஆசை வருகிறது. நல்ல மனதுதான். ஆனால் வேறு ஊர்க் கிழங்கும் தொட்டி மண்ணின் நோயும் காட்டுக்குள் போக வேண்டாம். காட்டில் இருப்பதைத் தோண்டாமல் விட்டாலே போதும், அது தானாகப் பெருகும். வீட்டில் மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

என் கொடியில் இப்போது ஏழு காய் நிற்கிறது. தை மாதத்துக்குள் வெடிக்கும். நம் விதைப் பரிமாற்றத்துக்குக் கொண்டுவருகிறேன். ஒருவருக்குப் பத்து விதை, காசு வேண்டாம். பொட்டலத்தின் மேல் சிவப்பு மையில் 'விஷம்' என்று எழுதியிருக்கும், அதைக் கிழித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
தர்மபுரியிலிருந்து உங்களில் ஒருவன்