தரங்கம்பாடி என்றால் கோட்டை மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் தரங்கம்பாடி கட்டுரை படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் டேனிஷ்காரர்கள் இடம் வாங்கியது, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றது, பொரித்த மீன் எங்கே நன்றாக இருக்கும் என்பது வரை விலாவாரியாக எழுதியவர், அந்தக் காலத்திலேயே அங்கே பெண் பிள்ளைகள் படித்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியும் தப்பு. அச்சுக்கூடம் வந்த பிறகு பள்ளி வந்ததாம்!

ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கியது 1706 ஜூலையில். மறு வருஷமே பள்ளி, அதில் பெண் பிள்ளைகளுக்கும் இடம். அச்சு இயந்திரம் வந்தது 1712-ல், தமிழ் எழுத்து அதற்கும் அப்புறம். (காகிதம் பற்றாமல் பொறையாற்றில் பட்டறை போட்டார்கள், அந்த இடம் எங்களுக்கு இன்றும் கடுதாசிப்பட்டறைதான்.) ஆக, முதலில் படிக்க வந்த பெண்களுக்கு மணலும் பனையோலையும்தான். சீகன்பால்குவே ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டுக்கு வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். கவர்னரோடு தகராறாகி அதே கோட்டையில் நாலு மாதம் அடைபட்டும் கிடந்தார். கோட்டைக்கு அரைப் பக்கம் கொடுத்தவர் இதையாவது சொல்லியிருக்கலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு ரோஷம் என்றால், எழுபதுகளில் நானும் அந்தத் தெருக்களில் படித்தவள். எங்கள் பள்ளி அவர் தொடங்கியது அல்ல, தெரு மட்டும் அதே பழைய தெரு. மாயவரத்திலிருந்து வரும் ரயிலைத் திருக்கடையூரில் பிடித்து வருவோம். ரயிலை விட்டால் பஸ், பஸ்ஸில் வந்தால் 1792-ல் கட்டிய அந்த வெள்ளை ஊர் வாசலுக்குள் நுழைந்து ராஜ வீதி முழுக்கக் கடல் காற்றில் தாவணியைப் பிடித்துக்கொண்டு நடை. வழியில் 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், சீகன்பால்கு கல்லறை அதற்குள்தான். பரீட்சை நாளில் ஆலய வாசலில் நின்று எல்லாரும் ஒரு கும்பிடு போடுவோம், அபிராமிக்குக் காலையிலேயே போட்டாயிற்று.

பெண்கள் பள்ளியின் சரித்திரம் என்றால் பாதி, அங்கே போய்ச் சேரும் வழியின் சரித்திரம். 1986-ல் ரயில் நின்றது. என் சித்தி மகள் அப்போது எட்டாம் வகுப்பு. கூட்ட பஸ்ஸில் பெண்ணை அனுப்பச் சித்தப்பாவுக்கு மனசில்லை, படிப்பு அதோடு சரி. அவள் நன்றாகப் படிக்கிறவள், என்னைவிட. பெண்கல்விக்காக அவ்வளவு எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை தரங்கம்பாடியிலும் முன்சீப்பாக இருந்தவர், இருந்தென்ன.

கட்டுரையாளர் மறுபடி வந்தால் கடற்கரைக்குப் போகுமுன் பொறையாற்றில் இறங்கச் சொல்லுங்கள். எங்களுக்குப் பாடம் எடுத்த டீச்சர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், எந்தத் தெருவில் எந்த வீடு எதுவாக இருந்தது என்று வரிசையாகச் சொல்வார்கள். காலையில் வந்தால் நல்லது, மத்தியானம் தூங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவி,
திருக்கடையூர்