டீச்சரை வழியனுப்பி வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் தமிழ் டீச்சரின் பணி நிறைவு விழா நல்லபடியாக முடிந்தது. விழாவே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவரை வரவழைத்த தலைமையாசிரியை அம்மாவுக்கு முதல் நன்றி. "விழாவெல்லாம் இல்லை டீச்சர், பழைய பிள்ளைகள் சும்மா பார்க்க வருகிறார்கள்" என்று அவர் சொன்னது பச்சைப் பொய். டீச்சர் மன்னித்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

மைக் பாதியில் நின்றபோது, தொண்டையையே நம்பிப் பாடி முடித்த பாடகர் குழுவுக்கு நன்றி. ஆரம்ப ஜெபம் செய்த போதகர் ஐயாவுக்குத் தனி நன்றி, சுருக்கமாக முடித்தார். எந்த வீட்டுப் பிள்ளையானாலும் பரீட்சைக்கு முன் கூப்பிட்டு, தலையில் கைவைத்து அரை நிமிஷம் ஜெபித்து அனுப்புகிற டீச்சருக்கு அதுதான் பிடிக்கும். நாற்காலி போட்டவர்கள், பந்தி பரிமாறியவர்கள், தொலைவிலிருந்து பயணச் செலவு பாராமல் வந்தவர்கள், உங்களுக்கும் நன்றி.

டீச்சரைப் பற்றிப் பேசியவர்களில் பாதிப் பேர் சீகன்பால்க் கதையைத்தான் சொன்னார்கள். தமிழ் வராது என்று அழுகிற பிள்ளைக்கெல்லாம் அவர் சொன்ன கதை அது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய அந்த ஜெர்மானிய மிஷனரி, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி எழுத்துப் பழகினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-க்குள் தமிழில் அச்சாகிவிட்டது. "மணலில் எழுதினால் ஒரு வசதி, தப்பை அழித்துவிடலாம்" என்று முடிப்பார் டீச்சர்.

அதனாலோ என்னவோ, அவர் சிவப்பு மையைத் தொட்டதே இல்லை. திருத்துவது எப்போதும் பென்சிலால்தான். சரியாக எழுதிக் காட்டிவிட்டு அவர் போட்ட பென்சில் குறியை நாமே அழித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நோட்டைப் புரட்டுகிறவர்களுக்கு நம் தப்பு தெரியாது. அப்பாவிடம் அடி வாங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

என் ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டை மேடைக்கு எடுத்துப் போயிருந்தேன். "பறவை" என்று எழுத வேண்டிய இடத்தில் "பரவை" என்று எழுதியிருந்தேன். ர-வைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் பொடி எழுத்தில்: "இது கடல். பறக்காது."

டீச்சர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இத்தனை வருஷமாகியும் திருத்தவே இல்லையா?" அரங்கமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ரப்பர் கேட்டார். பெரியவர்கள் யாரிடமும் இல்லை. முன்வரிசையிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஓடிவந்து நீட்டியது. அத்தனை பேருக்கும் முன்னால் என்னை "பறவை" என்று எழுதவைத்தார். அப்புறம் அவரே வட்டத்தை அழித்துத் தூளை ஊதினார்.

அந்தப் பிள்ளைக்கும் நன்றி. கண்ணே, உன் ரப்பர் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
பழைய மாணவர்கள் சார்பில் ஒருவன்