பகுபதம் பிரிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

காவிரி டெல்டா மாவட்டங்களின் செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் முதலாண்டுப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, இன்று ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் மாணவிகள் எங்கள் வார்டுக்குத்தான் பயிற்சிக்கு வருகிறார்கள்.

ஐப்பசியில் ஓர் இரவு. நடவு வேலை பார்க்கும் அம்மா ஒருவர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர், வேர்த்துக் கொட்டிப் படுத்திருந்தார். குளுக்கோமீட்டர் 48 காட்டியது. பயிற்சி மாணவி போனில் டாக்டரிடம், "ஹைப்பர்கிளைசீமியா சார்" என்றாள். நான் போனை வாங்கி எண்ணைச் சொன்னேன். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் அந்த அம்மா கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். குறைவைச் சொல்லும் 'ஹைப்போ'வுக்குப் பதில் மிகையைச் சொல்லும் 'ஹைப்பர்' வந்து, சொல்தான் மாறிப்போனது.

அவளுடைய நோட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் பத்துப் பத்து முறை எழுதியிருந்தது. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தப் பிள்ளைகள் பகுபத உறுப்பிலக்கணம் படித்து வந்தவர்கள். பகுதி, விகுதி, சந்தி, சாரியை என்று சொல்லைப் பிரித்துப் போட்டே மார்க் வாங்கியவர்கள். அதே வழியில் 'ஹெப்பாடைட்டிஸ்' என்பதைப் பிரித்துக் காட்டுங்கள். ஹெப்பாட், கல்லீரல், பகுதி. ஐடிஸ், அழற்சி, விகுதி. 'கார்டியாலஜி'யில் (cardi-o-logy) நடுவே வரும் ஓகாரத்துக்குப் பொருளில்லை, இணைக்க வந்தது. சாரியை என்றால் உடனே புரியும். 'காஸ்ட்ரோஸ்கோபி'யில் இருக்கும் அந்த ஓ, உயிரில் தொடங்கும் விகுதி வந்தால் விழுந்துவிடும்: காஸ்ட்ரைட்டிஸ். "உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்" என்று நன்னூல் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இது அதிசயமா? முழுக்க ஒரே விதியில்லைதான். இரண்டு பகுதிகள் சேரும்போது உயிர் வந்தாலும் ஓ நிற்கும், காஸ்ட்ரோஎன்டரைட்டிஸ். அதையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் தமிழ்க் காது கைவிடும். நம் மொழி ஒட்டுகளைப் பெரும்பாலும் சொல்லின் கடைசியில் வைக்கிறது. பொருளைத் தேடி நம் பிள்ளைகள் விகுதிக்குத்தான் போவார்கள். ஹைப்பர், ஹைப்போ, டாக்கி, ப்ராடி எல்லாம் சொல்லின் தலையில் உட்கார்ந்து பொருளையே புரட்டிப் போடுகின்றன. அன்றிரவு தவறியதும் அங்கேதான். ஆகவே முன்னொட்டுக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். மிகை, குறை, வேகம், மந்தம் என்று ஜோடி ஜோடியாக, வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, எதிரே ஓர் எண்ணையும் எழுதி.

நோயாளியின் சொல்லையும் பக்கத்திலேயே எழுதிப் போடுங்கள். நீர்க்கடுப்பு என்றால் டிஸ்யூரியா, மூச்சு வாங்குகிறது என்றால் டிஸ்ப்னியா. வயலில் இறங்குபவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சல்தான் லெப்டோஸ்பைரோசிஸ். லெப்டோ மெல்லியது, ஸ்பைரா சுருள். கிருமியின் உருவமே பேரில் இருக்கிறது.

தமிழில் விளக்கினால் தரம் குறையும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தவர். நான் அவ்வளவு கேட்கவில்லை. பரீட்சை இங்கிலீஷிலேயே இருக்கட்டும். முதல் இரண்டு வாரம், வகுப்பில் சொல் பிரிக்க மட்டும் ஒதுக்குங்கள். இம்போசிஷனை நிறுத்துங்கள்.

அந்த மாணவியை நான் இப்படித்தான் பழக்கினேன். போன வாரம் ஒரு கேஸ் ஷீட்டில் 'கோலிசிஸ்டெக்டமி' என்றிருந்தது. விரலால் மூன்று துண்டாக மறைத்து மறைத்துப் படித்தாள். "கோலி பித்தம், சிஸ்ட் பை, எக்டமி வெட்டி எடுக்குறது. பித்தப்பையை எடுத்திருக்காங்களாக்கா?" என்றாள். நான் தலையாட்டினேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவிகளோடு வார்டில் நிற்கும் ஒரு செவிலி