பெயர் ஒன்று, அளவு இரண்டு: மின்தாளில் மந்திரங்களைப் பேணுவது குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதைப்பாத்திர விளையாட்டுகள் கணினித் திரைக்கு வந்திருப்பது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரையை ஆவலுடன் படித்தேன். இப்படியொரு பொருளைத் தமிழ் நாளிதழ் எடுத்து எழுதியதே எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆயினும், மந்திரக் கணக்குகளை எல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்ளும், ஆடுபவர் விதிகளை அறிந்திருக்கத் தேவையில்லை என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. புதிதாக ஆட வரும் பிள்ளைகள் அந்த வரியை நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் பாலக்கோட்டில் மருந்தாளுநராகப் பணியாற்றுகிறேன். கிருஷ்ணகிரியில் வசிக்கும் என் கல்லூரித் தோழி ஆட்டத்தை நடத்த, ஓசூரில் படிக்கும் என் அண்ணன் மகனும், அரூரில் தமிழாசிரியராக இருக்கும் இன்னொரு தோழியும், நானும் சனிக்கிழமை இரவுகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடி வருகிறோம். இரவு பத்து மணிக்கு மேல் இந்த நான்கு ஊர்க்காரர்களும் ஒரு மேசைக்கு வந்து சேர்வது நடவாத காரியம். ஆகவே தோழியின் கணினியில் ஃபவுண்ட்ரி என்னும் மென்பொருள் இயங்க, நாங்கள் மூவரும் உலாவி வழியாக அதற்குள் நுழைகிறோம். நடத்துபவர் ஒருவர் மட்டும் ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் போதும், ஆடுபவர்களுக்குச் செலவில்லை என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம்.

அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம் சொல்ல வேண்டும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளியான இந்த ஆட்டத்தில், ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். அந்தப் பாத்திரத்தின் வலிமை, உடைமை, திறமை, மந்திரங்கள் அனைத்தும் எழுதப்பட்ட தாள்தான் கேரக்டர் ஷீட். என் பாத்திரம் காயங்களை ஆற்றும் அருளாளர், ஐந்தாம் நிலையில் இருப்பவர். ஒருமுறை நீண்ட ஓய்வு எடுத்த பிறகு, முதல் படி மந்திரங்களை நான்கு முறையும், இரண்டாம் படி மந்திரங்களை மூன்று முறையும், மூன்றாம் படி மந்திரங்களை இரண்டு முறையும் நான் பயன்படுத்தலாம். இந்த வாய்ப்புகளை ஸ்லாட் என்றே சொல்கிறோம். தமிழில் வேறு பெயர் வைத்துப் பார்த்தோம், ஆட்டத்தின் வேகத்தில் எதுவும் நிற்கவில்லை. ஒன்பது ஸ்லாட்டுகளில் எத்தனை தீர்ந்தன, எத்தனை மிச்சம் என்று எண்ணும் வேலையை மென்பொருள் பிழையின்றிச் செய்கிறது. காகிதத்தில் பென்சிலால் குறித்து அழித்து ஓட்டை விழுந்த தாள்களை வைத்திருந்தவள் என்ற முறையில் இதற்கு நான் நன்றியுடையவள்.

ஆனால் எண்ணுவது வேறு, எண்ணப்படும் பொருள் என்னவென்று அறிவது வேறு. என் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். குழந்தைகளுக்கான பாரசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம் மருந்து உள்ளதாகவும் வருகிறது, 250 மில்லிகிராம் உள்ளதாகவும் வருகிறது. பெயர் ஒன்று, வீரியம் இரண்டு மடங்கு. அலமாரியில் எத்தனை பாட்டில்கள் உள்ளன என்று கணினி சரியாகச் சொல்லும். கையில் எடுத்த பாட்டில் எது என்பதை லேபிளைப் படித்து அறிய வேண்டியவள் நான்தான்.

இதே சிக்கல் மந்திரங்களிலும் இருக்கிறது. இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வெளியானது, அதைத் திருத்தி எழுதிய விதிநூல் 2024இல் வந்தது. காயத்தை ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் என்ற மந்திரத்தை முதல் படியில் பயன்படுத்தினால், பழைய விதியில் எட்டு முகப் பகடை ஒன்றை உருட்டி, தன் திறன் எண்ணை (பாத்திரத்தின் திறமைக்கு ஏற்பத் தாளில் உள்ள கூட்டல் எண்ணை) அதனுடன் கூட்ட வேண்டும். புதிய விதியில் பகடை இரண்டு. திறன் எண் 3 என்றால், முன்னது சராசரியாக ஏழரை உயிர்ப்புள்ளி ஆற்றும், பின்னது பன்னிரண்டு ஆற்றும். எங்கள் குழு பழைய விதியின்படி ஆடுவது. மென்பொருளின் தொகுப்பில் இரண்டு காலத்து மந்திரங்களும் ஒரே பெயரில் கிடந்ததால், நான் அறியாமல் புதியதை இழுத்து என் தாளில் போட்டுவிட்டேன். மூன்று சனிக்கிழமைகள் அப்படியே ஆடிய பிறகு என் அண்ணன் மகன்தான், "அத்தை, நாம பழைய ரூல்தானே ஆடுறோம்? நீங்க எதுக்கு ரெண்டு டைஸ் உருட்டுறீங்க?" என்று கேட்டான். தாளில் உள்ள பொத்தானை அழுத்தினேன், பகடைகள் உருண்டன, விடை வந்தது. எத்தனை பகடை உருள்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. மருந்துக் கடையில் இப்படி நடந்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன்.

அன்றே தாள் முழுவதையும் சரிபார்த்தபோது, இதற்கு நேர்மாறான இன்னொரு பிழை அகப்பட்டது. ஸ்பிரிச்சுவல் வெப்பன் என்பது, காற்றில் மிதந்து எதிரியைத் தாக்கும் ஒரு படைக்கலத்தைத் தோற்றுவிக்கும் மந்திரம். பழைய விதியில் அதற்கு மன ஒருமை, அதாவது மந்திரம் நீடிக்கும்வரை மனத்தை அதிலேயே நிறுத்துதல் (கான்சன்ட்ரேஷன்), தேவையில்லை, புதிய விதியில் தேவை. மன ஒருமை வேண்டும் மந்திரங்கள் இரண்டை ஒரே நேரத்தில் தாங்க முடியாது என்பது இரு விதிகளுக்கும் பொது. என் தாளில் புதிய வடிவம் இருந்ததால், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும், தோழர்களுக்கு வலுச்சேர்க்கும் பிளெஸ் மந்திரத்தைக் கைவிட வேண்டும் என்று தாள் சொல்லியது, நானும் கைவிட்டேன். ஒரு பிழை எனக்கு உரிமையில்லாததைக் கொடுத்தது, மற்றொன்று எங்கள் குழுவுக்கு உரியதைப் பறித்தது. இரண்டிலும் மென்பொருள் தன் கணக்கில் தவறவே இல்லை.

இதைத் தனி ஒருத்தியின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 ஆகஸ்டில், டி அண்ட் டி பியாண்ட் என்ற இணையச் சேவையில் உள்ள பாத்திரத் தாள்களில் பழைய மந்திரங்கள் நீங்கி, அவற்றின் இடத்தில் புதிய வடிவங்கள் வரும் என்று அறிவிக்கப்பட்டது. பழைய விதியில் ஆட்டத்தைப் பாதி வழி நடத்திவந்தோரின் எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களிலேயே அம்முடிவு திரும்பப் பெறப்பட்டது. ஆடுபவர்கள் தங்கள் தாளில் என்ன இருக்கிறது என்று அறிந்திருந்ததால்தான் அந்த எதிர்ப்பு எழுந்தது.

இந்த இடத்தில், தங்கள் கட்டுரை தொடாத ஒரு நுட்பத்தைச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மந்திரப் பட்டியலைப் பேணுவதன் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது. மின்தாள்கள் இரண்டு வகையாக மந்திரங்களை வைத்துக்கொள்கின்றன. முதல் வகையில், தாளில் மந்திரத்தின் பெயர் மட்டும் நிற்க, அதன் உள்ளடக்கம் சேவையை நடத்தும் நிறுவனத்தின் பொதுக் களஞ்சியத்திலிருந்து வருகிறது. அங்கே ஒரு சொல் மாறினால் உலகெங்கும் உள்ள தாள்களிலும் மாறிவிடும். இரண்டாம் வகையில், தொகுப்பிலிருந்து மந்திரத்தை இழுத்துத் தாளில் போட்டதும் அதன் நகல் ஒன்று உருவாகிறது. அதன் பிறகு அந்த நகல் நம்முடையது. மூலத்தில் திருத்தம் செய்தாலும் நகல் மாறாது. நாங்கள் பயன்படுத்தும் ஃபவுண்ட்ரி இந்த இரண்டாம் வகை. என் தோழி தொகுப்பிலிருந்து புதிய வடிவங்களை நீக்கிய பிறகும் என் தாளில் அவை அசையாமல் இருந்ததன் காரணம் இதுதான். முதல் வகையில் நம்மைக் கேளாமல் மாற்றம் வரலாம், இரண்டாம் வகையில் வர வேண்டிய திருத்தம் வராமல் போகலாம். தாம் எந்த வகையில் ஆடுகிறோம் என்று தெரியாதவர், பிழையை எங்கே தேடுவது என்றே அறியமாட்டார்.

அடுத்தது, ஆயத்தம் பற்றியது. என் பாத்திரம் போன்ற அருளாளர், தன் நிலைக்கு எட்டும் எல்லா மந்திரங்களையும் அறிந்தவராகவே கருதப்படுகிறார். அவற்றில் அன்றன்றைக்கு எவற்றை ஆயத்தமாக வைத்துக்கொள்வது என்பதே அவர் செய்ய வேண்டிய தேர்வு. ஐந்தாம் நிலை, திறன் எண் 3 என்றால், இரண்டையும் கூட்டி எட்டு மந்திரங்கள். இதற்கு மேல், அவர் தேர்ந்துகொண்ட சிறப்புப் பிரிவான நெறிக்கு (டொமைன்) உரிய ஆறு மந்திரங்கள் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். அவை இந்த எட்டில் சேரா. தாளில் ஒவ்வொரு மந்திரத்தின் அருகிலும் அது எவ்வகை ஆயத்தம் என்று குறிக்கும் இடம் இருக்கிறது. அந்த ஆறையும் நான் சாதாரண ஆயத்தமாகக் குறித்துவிட்டு, மொத்தம் பதினான்கு ஆகிறதே என்று அஞ்சி, வேறு ஆறு மந்திரங்களின் குறியை நீக்கிவிட்டேன். முதல் மாதம் முழுவதும் பாதிக் கையிருப்போடு ஆடினேன்.

அறிந்தவை அனைத்தையும் தாளில் கொட்டி வைப்பதும் தவறு. கடையில் அன்றாடம் போகும் மருந்துகள் கைக்கெட்டும் தட்டிலும், எப்போதோ கேட்கப்படுபவை மேல் தட்டிலும் இருக்கும். என் முறை வந்தபோது நீண்ட பட்டியலில் மேலும் கீழும் நான் தேடிக்கொண்டிருக்க, மற்ற மூவரும் காத்திருந்தார்கள். இப்போது ஆயத்தமானவை மட்டும் கண்ணில் படும்படி வைத்து, விரைவில் செய்யக்கூடியவற்றை முதலில் அடுக்கியிருக்கிறேன். விழுந்து கிடக்கும் தோழரை அறுபது அடி தூரத்திலிருந்தே விரைச்செயலாக, முழுச் செயலைச் செலவிடாமல், எழுப்பும் ஹீலிங் வேர்ட் முதல் வரியில். அருகில் சென்று தொட்டு, முழுச் செயலையும் செலவிட வேண்டிய க்யூர் வூண்ட்ஸ் அதற்குப் பின். இந்த வரிசையை எந்த மென்பொருளும் எனக்காக யோசித்துத் தரவில்லை.

பொருள் தேவைப்படும் மந்திரங்களிலும் கவனம் வேண்டும். இறந்து ஒரு நிமிடம் கடவாதவரை உயிர்ப்பிக்கும் ரிவிவிஃபைக்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் தேவை, மந்திரம் முடிந்ததும் அது தீர்ந்துவிடும். ஸ்லாட் ஒன்று தானே குறையும். உடைமைப் பட்டியலில் உள்ள வைரத்தை எங்கள் தாளில் நாமே நீக்க வேண்டும்.

இனி மொழி. அரூர்த் தோழிக்கு நீண்ட ஆங்கில விளக்கங்களை ஆட்டத்தின் நடுவே படிப்பது தொல்லையாக இருந்ததால், மந்திர விளக்கம் எழுதும் கட்டத்திலேயே தமிழில் எழுதி வைக்கத் தொடங்கினோம். இதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. 300க்கும் மேற்பட்ட மந்திரங்கள் அடங்கிய அடிப்படை விதித்தொகுப்பு, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், பகிரலாம். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, ஸ்பானிய மொழிகளில் அதை வெளியீட்டாளரே தந்திருக்கிறார். தமிழில் நாம்தான் செய்துகொள்ள வேண்டும். அந்தத் தொகுப்பில் சில மந்திரங்களின் பெயர் சுருங்கியிருக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். விதிநூலில் ஒரு மந்திரவாதியின் பெயரோடு மெல்ஃப்ஸ் ஆசிட் ஆரோ என்றிருப்பது, இதில் வெறும் ஆசிட் ஆரோ. பிராண்ட் பெயருக்கும் மூலப்பெயருக்கும் உள்ள உறவுதான். ஒரு பெயரில் தேடிக் கிடைக்கவில்லை என்று மந்திரமே இல்லை எனக் கருதிவிடக் கூடாது.

பெயர்களைத் தமிழாக்கியதில் எங்களுக்குள் நீண்ட உரையாடல் நடந்தது. பிளெஸ் என்பதற்கு "ஆசி" என்று உடனே ஒத்துக்கொண்டோம். ஸ்பிரிச்சுவல் வெப்பனை "ஆவி ஆயுதம்" என்று நான் எழுத, அது பேய்க்கதை போல ஒலிக்கிறது என்று தமிழாசிரியத் தோழி மறுத்து, "அருட்படை" என்றார். படை என்ற சொல்லுக்கு ஆயுதம் என்ற பழம்பொருள் இருப்பதை அவர் எடுத்துக்காட்டியபோது எங்களுக்கு மறுப்பே இல்லாமல் போயிற்று. தமிழ்ப் பெயரின் அருகில் மூலப்பெயரையும், 2014, 2024 என்று பதிப்பின் ஆண்டையும் எழுதி வைக்கிறோம். என் முந்தைய பிழை திரும்ப வராமல் காப்பது அந்த ஆண்டுக் குறிப்புத்தான்.

இப்படி எழுதியவற்றைத் தாளில் மட்டும் விட்டுவைப்பது ஆபத்து. நகலை நீக்கிப் புதிதாக இழுத்துப் போட்டால் நம் தமிழ் விளக்கம் அதோடு போய்விடும். ஒருமுறை ஒரு மணி நேரம் தட்டச்சு செய்ததைச் சேமிக்கும் முன் மின்சாரம் நின்று அத்தனையும் போயிற்று. அதன் பிறகு தனிக் கோப்பில் எழுதிவிட்டுத்தான் தாளில் ஒட்டுகிறேன். மாதம் ஒருமுறை பாத்திரம் முழுவதையும் ஜேசன் (JSON) என்னும் தரவு வடிவக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்கிறேன். ஃபவுண்ட்ரியில் பாத்திரத்தின் பெயர்மீது வலச் சொடுக்குச் செய்தாலே அந்த வசதி கிடைக்கும்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் கட்டுரையின் தொடர்ச்சியாக, மந்திரப் பட்டியலைப் பதிப்பறிந்து தேர்ந்தெடுப்பது, ஆயத்தக் குறி இடுவது, நகல் எடுத்துக் காப்பது ஆகியவற்றைப் பற்றி விளக்கமான பகுதி ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். என் பாத்திரத்தின் பதினான்கு மந்திரங்களுக்கும், ஸ்லாட் தேவைப்படாத நான்கு எளிய மந்திரங்களுக்கும் நாங்கள் எழுதிய தமிழ் விளக்கங்கள், உரிமம் கேட்கும் மூலக் குறிப்போடு ஆயத்தமாக உள்ளன. தாங்கள் வெளியிட விரும்பினால் அனுப்பி வைக்கிறோம். சொற்களில் மாற்றம் வேண்டும் என்று வாசகர்கள் கருதினால், குறிப்பாக மன ஒருமை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமேனும் இருந்தால், அறிய ஆவலாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மருந்தாளுநர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.