விலைக் கட்டத்தில் இல்லாத கூலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் தங்கம், வெள்ளி விலையைத் தினமும் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் பேப்பர் வந்ததும் முதலில் கண் போவது அங்கேதான். அப்பா இருந்தவரை ராசிபலனுக்கும் முன்னால் அதைத்தான் படிப்பார். இப்போது நான் படிக்கிறேன். அந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு விண்ணப்பம், கொஞ்சம் மனத்தாங்கலும் உண்டு.

நாங்கள் சேலம் சிவதாபுரத்தில் கொலுசு வேலை செய்கிற குடும்பம். செவ்வாய்பேட்டை வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். அப்பா உருக்கிக் கம்பி இழுப்பார். அம்மா கண்ணி கோத்து, ஒட்டுவதற்கான உலோகப் பொடி வைத்துப் பற்றவைப்பார். சலங்கை வைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு. ஒரு ஜோடி கொலுசு கடைக் கண்ணாடிக்குள் போய் உட்காருவதற்குள் நாலைந்து வீட்டு வாசல் ஏறி இறங்கிவிடும். கொடுத்த எடைக்குக் கணக்காகக் கொலுசைத் திருப்பித் தர வேண்டும். குறைந்தால் நம் கூலியில் கழியும். “பொடி வெச்சுப் பேசறதுன்னு ஊரெல்லாம் சொல்றாங்களே, அது நம்ம பட்டறையில பொறந்த பேச்சு” என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

நான் ஆறு வருஷமாகக் கொலுசு வேலையை விட்டுவிட்டு, ஏற்காட்டு மலையில் கிடைக்கிற இலை, விதை, காய் இவற்றை வைத்துத் தோடும் பதக்கமும் செய்கிறேன். “இலையப் போயி யாரு கண்ணு காசு குடுத்து வாங்குவாங்க?” என்று அம்மா கேட்டார். வாங்குகிறார்கள். மலையில் ஒரு காப்பிக் கடைக்காரர் தன் மேஜையில் ஒரு மூலையைக் கொடுத்திருக்கிறார். விற்றால் நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் அவருக்கு. சனி, ஞாயிறுகளில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் கடந்து போய்விடுவேன்.

2025 தீபாவளிக்கு முந்தின வாரம் அங்கே வந்த ஒரு அம்மாள் சில்வர் ஓக் இலைத் தோடு ஒரு ஜோடியைக் கையில் எடுத்தார். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. விலை 1,900 என்றேன். பையிலிருந்து உங்கள் பேப்பரை எடுத்தார். எத்தனை கிராம் என்று கேட்டார். ஐந்து. “கிராம் இருநூறுன்னு வெச்சாக்கூட ஆயிரம் ரூபாதானே? மிச்சம் தொள்ளாயிரம் எதுக்கும்மா?” என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் என்னவோ மழுப்பினேன். பிறகு பஸ்ஸில் இறங்கி வரும்போதுதான் பதில் முழுசாக வந்தது. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

சில்வர் ஓக் என்பது காப்பிச் செடிக்கு நிழல் தர வளர்க்கிற மரம். அதன் மேல்தான் மிளகுக் கொடி ஏறியிருக்கும். இலை மேற்புறம் கரும்பச்சை. திருப்பிப் பார்த்தால் வெள்ளி பூசினது போல இருக்கும். கீழே உதிர்ந்த இலைகளைத்தான் பொறுக்குகிறேன், மரத்திலிருந்து பறிப்பதில்லை. முதலில் பச்சை இலையை வெள்ளித் தகட்டின் மேல் வைத்து, இரண்டு உருளைக்கு நடுவில் அழுத்துகிற ரோலிங் மெஷினில் விட்டுப் பார்த்தேன். சாறு பிதுங்கி, கீரை கடைந்த மாதிரி ஆகிவிட்டது. இலை வாட வேண்டும், ஆனால் நொறுங்கக் கூடாது. இரண்டு நாள் பழைய பேப்பருக்கு நடுவில் வைத்தால் பதமாகிறது. (அதுவும் உங்கள் பேப்பர்தான்!)

தகட்டை முதலில் நெருப்பில் காட்டி இளக வைக்க வேண்டும். வெளிச்சத்தில் செய்தால் நிறம் தெரியாது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்வேன். மங்கின சிவப்பு படரும்போதே எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் தகடு சுருங்கி உருண்டுவிடும். வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் மெல்லிய தகட்டின் ஓரம் நாம் கண் சிமிட்டுவதற்குள் போய்விடுகிறது. அப்புறம் புளித் தண்ணீரில் கொதிக்க வைத்து வெளுக்க வைப்பேன். கடையில் அமிலம் கிடைக்கிறது, ஆனாலும் அம்மா காலத்துப் புளியே எனக்குக் கைக்கு அடக்கமாக இருக்கிறது. வெளுத்த தகட்டின் மேல் இலை, அதன் மேல் ஒரு பித்தளைத் தகடு. மூன்றையும் சேர்த்து மெஷினில் ஒரே ஒரு தடவை விட வேண்டும். இரண்டாம் தடவை விட்டால் நரம்பு இரட்டையாக விழும். கைப்பிடியைச் சுற்றும்போது ஒரு இறுக்கம் வரும், பிறகு சட்டென்று விடும். பித்தளையைத் தூக்கினால், இலையின் ஒவ்வொரு நரம்பும் வெள்ளியில் பள்ளமாக இறங்கியிருக்கும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருக்கிறேன்.

இதற்குப் பிறகுதான் வேலையே. கம்பி ரம்பத்தால் இலை ஓரம் முழுக்க அறுக்க வேண்டும். சில்வர் ஓக் இலை சீப்பு மாதிரி பிரிந்து பிரிந்து இருக்கும். ஒரு ஜோடிக்கு மூன்று பிளேடாவது உடையும். அரம் போட்டு, கொக்கி பற்றவைத்து, கந்தகக் கலவையில் முக்கிக் கறுப்பாக்கி, மேலே மட்டும் தேய்த்தால் நரம்பில் கறுப்பு நிற்கும். கடைசியில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளைப் பிரஷ்ஷால் கழுவல். மொத்தம் நாலு மணி நேரம், கை நன்றாக ஓடுகிற நாளில்.

காப்பிக்கொட்டைத் தோடு வேறு விதம். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கணவாயின் ஓட்டைக் கொடுப்பார்கள். அதை இரண்டாக அறுத்து, முகத்தைச் சமமாகத் தேய்த்து, காய்ந்த காப்பிக்கொட்டையை நடுவில் வைத்து அழுத்தினால் அச்சு விழுந்துவிடும். கொட்டையை எடுத்துவிட்டு, ஊற்றுவதற்கு வாய் வெட்டி, இரண்டு பாதியையும் சேர்த்துக் கம்பியால் கட்டி, உருகின வெள்ளியை ஊற்ற வேண்டும். முடி கருகுகிற நாற்றம் வரும். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலை அடைக்கிற சத்தம் கேட்கும். ஒரு ஓட்டில் ஒரு தடவைதான் ஊற்றலாம். கணவாய் ஓட்டில் இருக்கிற அலை அலையான வரி வெள்ளியிலும் வந்துவிடும். அதை அரம் போட்டு எடுக்கலாம், நான் எடுப்பதில்லை.

காப்பிப் பூவையும் செய்து பார்க்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து, மல்லிகை மாதிரி மணக்கும். இரண்டு மூன்று நாளில் பழுப்பேறிவிடும். இதழ் மெல்லிசு, அச்சில் நிற்காது. ஐந்து இதழையும் தகட்டில் ஒவ்வொன்றாக வெட்டித்தான் செய்ய வேண்டும். வருஷத்துக்கு எட்டு ஜோடிக்கு மேல் என்னால் முடியவில்லை.

“ரெண்டு தோடும் ஒரே மாதிரி இல்லையே” என்று ஒரு தம்பி திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரே இலையின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எப்படி ஒரே மாதிரி இருக்கும்? நகரத்தில் ஒரு கடையில் என் தோட்டைப் பார்த்து டை (இரும்பு அச்சு) போட்டு, மெல்லிய தகட்டில் அடித்துக் கிராம் கணக்கில் விற்கிறார்கள். அதில் இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரிதான். இலை உருவத்துக்கு நான் உரிமை கேட்க முடியாது, மரமே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆனால் அந்தக் கடையில் என் இலைத் தோட்டின் படத்தையே மாட்டியிருப்பதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

இயற்கை டிசைன் என்று இதை ஏதோ புதுசாக நான் கண்டுபிடித்ததாகச் சிலர் பாராட்டுகிறார்கள். அதுவும் சரியில்லை. மாங்காய் மாலை, கோதுமைச் செயின், மீன் மெட்டி, மயில் கொலுசு எல்லாம் என்ன? நம் பாட்டிகள் கழுத்திலும் காலிலும் தோட்டமே இருந்தது. பழகிப் பழகி மாங்காய் இன்று யாருக்கும் மாங்காயாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சரி, அந்தத் தொள்ளாயிரத்துக்கு வருகிறேன். ஐந்து கிராம் தோட்டில் 92.5 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. சுத்த வெள்ளி மிருதுவானது. கொக்கி இரண்டு நாளில் வளைந்துவிடும். ஆக நிஜ வெள்ளி 4.6 கிராம் சொச்சம். இருநூறு ரூபாய்க் கணக்கில் 925 ரூபாய். காப்பிக் கடைக்காரருக்கு 285. கேஸ், பிளேடு, கந்தகம், டப்பா, பஸ் எல்லாம் ஒரு ஜோடிக்கு 120 என்று பிரித்து வைத்திருக்கிறேன். மிச்சம் 570. நாலு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 140 ரூபாய் சொச்சம். விற்காமல் திரும்பி வருகிற நாளுக்கும், தகடு உருண்டுபோன நாளுக்கும் கணக்கில்லை.

சேதாரம் என்று நான் தனியாக வாங்குவதில்லை. அறுத்த ஓரத்தையெல்லாம் மறுபடியும் உருக்குகிற மூசையில் போட்டுவிடுகிறேன். அரம் போடும்போது விழுகிற பொடியையும் தோல் விரிப்பு விரித்துப் பிடித்துக்கொள்கிறேன். போவது மிகக் கொஞ்சம். சேதாரத்தை ஏற்றி வைத்து, “செய்கூலி கம்மிங்க” என்று சொல்கிற வித்தை எனக்கு வரவில்லை. கூலியைக் கூலி என்று சொல்லி வாங்குவதுதான் எனக்கு மரியாதையாக இருக்கிறது. டச், அதாவது வெள்ளியின் சுத்தம், அந்த விஷயத்திலும் அப்படியே. குறைந்த டச் வெள்ளியில் கொலுசு செய்வது தப்பில்லை, உழைக்கும். குறைந்ததைக் கூட என்று சொல்லி விற்பதுதான் தப்பு. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளத்தோடு ஹால்மார்க் முத்திரை வந்திருக்கிறது. வந்தபோது தங்கம் போலக் கட்டாயம் இல்லை, விருப்பம்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த முத்திரை வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று சொல்லுமே தவிர, யார் எத்தனை மணி நேரம் குனிந்து உட்கார்ந்தார் என்று சொல்லாது.

என் கதையாவது பரவாயில்லை, விலையை நானே வைக்கிறேன். அம்மாவுக்கு அதுவும் இல்லை. 2020 தொடக்கத்தில் உங்கள் கட்டத்தில் வெள்ளி கிராம் 50 ரூபாய் அளவில் இருந்தது. 2025 அக்டோபரில் 200-ஐத் தாண்டியது. நாலு மடங்கு. அம்மாவின் கூலி ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை. விலை ஏறினால் வெள்ளி வேலைக்காரருக்கு லாபம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நேர் எதிர்தான் நடக்கிறது. விலை ஏறினால் வியாபாரி கையிலிருக்கிற பணத்துக்குக் குறைந்த வெள்ளிதான் வாங்க முடியும், ஆகவே வேலைக்குக் கொடுப்பதும் குறையும். கொலுசு மெலிகிறது. மெலிந்த கம்பியில் கண்ணி கோப்பது கண்ணுக்கு இரட்டை வேலை. கூலி மட்டும் எடைக்குத்தான். சில வீடுகளில் அடுப்பு பற்றாமலே வாரம் போகிறது. பற்றவைக்கிற பொடியில் காட்மியம் என்கிற உலோகம் கலந்தால் சீக்கிரம் உருகும், ஆனால் அந்தப் புகை நெஞ்சுக்குக் கேடு. அது பற்றியும் ஒருத்தரும் ஒரு வரி எழுதிப் பார்த்ததில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அந்தக் கட்டத்தில் இப்போது நாலு வரி இருக்கிறது: தங்கம், கிராம், சவரன், வெள்ளி. மாதத்துக்கு ஒரு நாளாவது அதன் கீழே ஐந்தாவதாக ஒரு வரி சேருங்கள்: சேலத்தில் ஒரு ஜோடி கொலுசுக்குக் கண்ணி கோக்க, பற்றவைக்க, மெருகு போட இன்று என்ன கூலி என்று. சென்னையில் வெள்ளி விலையை விசாரித்துப் போடத் தெரிந்த உங்களுக்கு இதை விசாரிக்கத் தெரியாதா? அந்த வரியைப் படித்துவிட்டு மலைக்கு வருகிறவர்களிடம் நான் மழுப்ப வேண்டியிருக்காது.

உங்கள் நிருபர் சிவதாபுரமோ பனங்காடோ எந்தத் தெருவில் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு வருவதானால் மதியம் 2 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். அதற்கு முன் அம்மாவின் வாயில் தீயை ஊதிப் பற்றவைக்கிற ஊதுகுழல் இருக்கும், பேச வராது.

பெயர் போட வேண்டாம், ஊர் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சிவதாபுரம், சேலம்.