ஒரே பெயர் இருந்த தேர்தல்: சிங்கப்பூரின் பேராளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தை நெறிப்படுத்தும் அனைத்துலக மோட்டார் வாகனச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.யின் பொதுப்பேரவையில் சிங்கப்பூரின் சார்பில் வாக்களிக்கும் மதிப்பிற்குரிய பேராளர்களுக்கு,

வணக்கம். 2025 டிசம்பர் 12ஆம் தேதி தாஷ்கண்டில் கூடிய பொதுப்பேரவை, முகமது பென் சுலாயமை அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு மீண்டும் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு 91.51 விழுக்காட்டு வாக்குகள் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. எதிரணியில் ஒரு பெயர்கூட இல்லை. ஆனால், போட்டியிட மூவர் வெளிப்படையாக முன்வந்திருந்தார்கள்: அமெரிக்காவின் டிம் மேயர், சுவிட்சர்லாந்தின் லாரா வில்லார்ஸ், பெல்ஜியத்தின் வெர்ஜினி பிலிப்போ. மூவராலும் வேட்புமனுவை முழுமையாக்க முடியவில்லை. அது ஏன் என்பதையும், அதைச் சரிசெய்ய நீங்கள் என்ன செய்யலாம் என்பதையும் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன். மரினா பே ஃபார்முலா ஒன் பந்தயத்தில், தடத்தோரம் பாதுகாப்பைக் கவனிக்கும் தொண்டூழிய மார்ஷலாகப் பணியாற்றி வரும் எனக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

எஃப்.ஐ.ஏ. தலைவர் பதவிக்கு யாரும் தனியாக மனுத் தாக்கல் செய்ய முடியாது. ஓர் அணியின் பெயர்ப்பட்டியலோடுதான் வரவேண்டும். விளையாட்டுப் பிரிவின் துணைத் தலைவர்களாக அந்த அணியில் இடம்பெறுவோர் உலகின் எல்லா வட்டாரங்களிலிருந்தும் வந்திருக்க வேண்டும். அவர்களையும் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடியாது. உலக மோட்டார் விளையாட்டு மன்றத்துக்கு ஏற்கெனவே முன்மொழியப்பட்டுத் தகுதி பெற்றவர்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். 2025இல் அந்தப் பட்டியலில் தென்னமெரிக்காவிலிருந்து இருந்தவர் ஒரே ஒருவர், பிரேசிலின் ஃபாபியானா எக்ளஸ்டன். அவர் பென் சுலாயமின் அணியில் இருந்தார். ஒருவர் இரண்டு அணிகளில் இடம்பெற முடியாது என்பதால், மற்றவர்களுக்குக் கதவு அங்கேயே அடைபட்டது. ஒரே ஒரு வட்டாரத்தில் ஆள் இல்லாததால் உலகத் தேர்தலே ஒற்றை வேட்பாளர் தேர்தலாகிவிட்டது.

இந்த விதிகள் பழையவை, யாரையும் தடுப்பதற்காகப் புதிதாகப் புகுத்தப்பட்டவையல்ல என்று எஃப்.ஐ.ஏ. விளக்கம் அளித்தது. 2021இலும் அணியாகவே போட்டியிட்டார்கள் என்பதும், அப்போது பென் சுலாயமுக்கு எதிராகக் கிரஹாம் ஸ்டோக்கர் நின்றார் என்பதும் உண்மைதான். ஆனால் விதி பழையது என்பது அதைத் திருத்தாமல் இருப்பதற்குக் காரணமாகாது. வில்லார்ஸ் பாரிஸ் நீதிமன்றத்தை நாடினார். டிசம்பர் தொடக்கத்தில் நீதிமன்றம் தேர்தலை நிறுத்த மறுத்தது; மூல வழக்கு தொடர்ந்து நடக்க வழிவிட்டது. ஒரு விளையாட்டு அமைப்பின் தேர்தல் நீதிமன்றம் வரை போகும்போது, நாங்கள் எதற்கு வாக்களித்தோம் என்ற கேள்வி உறுப்பு நாடுகளின் மனத்தில் எழ வேண்டாமா?

சிங்கப்பூரர்களுக்கு இந்த அணிமுறை அந்நியமானதன்று. நம் நாட்டில் 1988 முதல், வேட்பாளர்கள் ஓர் அணியாகப் போட்டியிடும் குழுத்தொகுதிகள் இருக்கின்றன. அணியில் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருந்தாக வேண்டும். அந்த விதி எதற்காக வந்தது என்பதைத் தமிழர்களான நமக்கு யாரும் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. ஆகவே வட்டாரப் பிரதிநிதித்துவத்தை எஃப்.ஐ.ஏ. கைவிட வேண்டும் என்று நான் கேட்கவே மாட்டேன். ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மேசையில் இடம் கிடைப்பது அதனால்தான். ஆனால் குழுத்தொகுதியில் போட்டியிடும் கட்சி, தகுதியுள்ள எந்தக் குடிமகனையும் அணுகித் தன் அணியில் சேர்க்கலாம். நாடு முழுவதற்கும் அப்படி ஒரே ஒரு சிறுபான்மை வேட்பாளர்தான் உண்டு, அவரும் ஆளுங்கட்சியில் இருக்கிறார் என்றால், வேட்புமனுத் தாக்கல் நாளன்றே தேர்தல் முடிந்துவிடும். எஃப்.ஐ.ஏ.யில் நடந்தது ஏறத்தாழ அதுதான்.

போட்டியின்றித் தேர்வு நமக்குப் பழக்கமானது என்று நீங்கள் சொல்லக்கூடும். 1999, 2005, 2017 ஆகிய மூன்று அதிபர் தேர்தல்களும் அப்படித்தான் முடிந்தன. ஆனால் 2023இல் மும்முனைப் போட்டி நடந்து, திரு தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காட்டு வாக்குகளுடன் வென்றபோது மக்கள் மனத்தில் ஏற்பட்ட நிறைவை நினைத்துப் பாருங்கள். வேறு இருவர் பெயரும் சீட்டில் இருந்ததால்தான் அந்த 70.4க்கு அவ்வளவு மதிப்பு. பென் சுலாயமின் 91.51 அதைவிடப் பெரிய எண். இருந்தும், ஒரு போட்டியாளரோடு ஒப்பிட்டு அவரை உறுப்பினர்கள் எந்த அளவுக்கு ஏற்கிறார்கள் என்பதை அது சொல்லவில்லை. ஒரு நியாயமான போட்டி அவருக்குமே நல்லதாக இருந்திருக்கும்.

இதில் சிங்கப்பூர் ஏன் தலையிட வேண்டும்? 2008 செப்டம்பர் 28ஆம் தேதியை நினைவூட்டுகிறேன். ஃபார்முலா ஒன் வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம் நம் தெருக்களில் நடந்தது. 17ஆம் வளைவில் ரெனோ ஓட்டுநர் நெல்சன் பிக்கே ஜூனியர் சுவரில் மோதினார். அதனால் பந்தயத்தின் வேகம் குறைக்கப்பட்டது அவருடைய அணித்தோழர் ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்குச் சாதகமாகி, அவர் வென்றார். முன்னணியில் இருந்த ஃபெலிப்பி மாசா, அதைத் தொடர்ந்து நடந்த எரிபொருள் நிரப்பும் குளறுபடியில் புள்ளி ஏதுமின்றி முடித்து, பருவத்தின் இறுதியில் ஒரே புள்ளியில் உலகப் பட்டத்தை இழந்தார். அந்த மோதல் திட்டமிட்டது என்று எஃப்.ஐ.ஏ. முடிவு செய்ததோ மறு ஆண்டு செப்டம்பரில். ரெனோ அணியின் தலைமை நிர்வாகிகளுக்கு அப்போது விதித்த தடையை 2010 ஜனவரியில் பிரெஞ்சு நீதிமன்றம் செல்லாது என்றது. பொறுப்பில் இருந்தவர்களுக்கு உண்மை எப்போது தெரியும் என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. மாசா தொடுத்த வழக்கின் ஒரு பகுதியை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள லண்டன் உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் அனுமதித்தது. நம் ஊரின் பெருமைக்குரிய இரவு, பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகும் நீதிமன்றத்தில் இருக்கிறது. தடுப்புச்சுவரோரம் கொடியோடு நிற்கும் தொண்டூழியர்களுக்கு அது எவ்வளவு வருத்தம் தருகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

எஃப்.ஐ.ஏ. செய்வதெல்லாம் தவறு என்று நான் சொல்லவில்லை. 2025 சிங்கப்பூர்ப் பந்தயத்தில் முதன்முறையாக வெப்ப அபாய அறிவிப்பை வெளியிட்டு, ஓட்டுநர்கள் குளிரூட்டும் உடை அணிய வழிசெய்தார்கள். நல்ல முடிவு. இங்குள்ள புழுக்கத்தை அறிந்தவர்கள் அதை வரவேற்றோம். ஆனால் 2024 டிசம்பரில் கிகாலியில் கூடிய பொதுப்பேரவை, நெறிமுறைப் புகார்கள் பற்றிய அறிக்கைகள் தலைவருக்கும், எஃப்.ஐ.ஏ.யின் மேற்பார்வை அவையான செனட்டின் தலைவருக்கும் போய்ச்சேரும்படி விதியை மாற்றியது. கணக்குத் தணிக்கைக் குழுவின் அதிகாரத்தையும் குறைத்தது. நான்கில் மூன்று பங்குக்குமேல் ஆதரவு வாக்குகள். 2025 ஏப்ரலில், விளையாட்டுப் பிரிவின் துணைத் தலைவராக இருந்த ராபர்ட் ரீட் நிர்வாகத்தைக் குறைகூறிப் பதவி விலகினார். அதே ஆண்டு ஜூனில் மக்காவ் நகரில் கூடிய பொதுப்பேரவையில் மேலும் சில விதித் திருத்தங்கள் வந்தன. ஆஸ்திரியாவின் மோட்டார் வாகன மன்றம் அவற்றை எதிர்த்து எழுத்துமூலம் கேள்வி எழுப்பியது. அதுவும் உங்களைப் போன்ற ஓர் உறுப்பு அமைப்புதான்.

நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள்? கிகாலியில் என்ன நிலைப்பாடு எடுத்தீர்கள், மக்காவ் நகரில் என்ன, தாஷ்கண்டில் என்ன என்பது ஒரு மார்ஷலான எனக்குத் தெரியாது. கார்ட் பந்தயத்தில் பிள்ளைகளை ஓட்டவிட்டு, உரிமக் கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கும் தெரியாது. வாக்கு இரகசியமானது என்று நீங்கள் பதில் சொல்லலாம். வெளி நெருக்குதலிலிருந்து பேராளரைக் காக்க அது தேவைதான். ஆனால் உங்களை அனுப்பிவைத்த உறுப்பினர்களிடம் காரணம் சொல்வதை அது தடுக்கவில்லை.

அடுத்த தேர்தல் 2029இல். இப்போதே தொடங்கினால் நேரம் இருக்கிறது. தகுதிப் பட்டியலில் ஒரு வட்டாரத்திலிருந்து குறைந்தது மூன்று பெயர்களாவது இல்லையென்றால் அந்த வட்டாரத்துக்கு முன்மொழிவுக் காலத்தை நீட்டிக்க வேண்டும். அப்படியும் ஆள் கிடைக்காவிட்டால், அந்த ஓர் இடத்தை நிரப்பாமலேயே மனுத் தாக்கல் செய்ய வேட்பாளரை அனுமதிக்க வேண்டும். இந்தத் திருத்தத்தைச் சிங்கப்பூர் முன்மொழிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்ற ஆசிய மன்றங்களோடு பேசி ஆதரவு திரட்டுங்கள். நெறிமுறைப் புகார்களை விசாரிப்போர் தலைவருக்குக் கட்டுப்படாதவர்களாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

அடுத்த பொதுப்பேரவைக்குப் புறப்படும் முன் உறுப்பினர்களையும் தொண்டூழியர்களையும் ஒரு மாலை அழைத்து, நிகழ்ச்சி நிரலைக் காட்டி எங்கள் கருத்தைக் கேளுங்கள். வேலை முடிந்து வருவோருக்கு வசதியாக ஏழரை மணிக்கு மேல் வைத்தால் பலரும் வருவார்கள். நானும் வருவேன்.

மரியாதையுடன்,
மரினா பே தொண்டூழிய மார்ஷல்களில் ஒருவன்