கடைசி பஸ்

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள ராஜி,

இங்கு எல்லாரும் நலம். அண்ணனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். சிப்ஸ் வந்தது, வந்த அன்றே தீர்ந்தது.

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து பதினொரு நாள் ஆகிறது. பதில் போடாததற்கு என்னை ஏசியிருப்பாய். ஏசு. போனில் சொல்லலாம் என்றால் நீ என்னைப் பேசவிட மாட்டாய். பதினாலாம் நம்பர் ரூமில் மூன்று வருஷம் உன்னோடு குப்பை கொட்டியவளுக்கு அது தெரியாதா? அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பாதியில் போன் போடாதே. முழுசாகப் படி.

"எங்க அத்தை வேணும்னே பண்ணுதாட்டி. சும்மா நடிக்கா" என்று சொன்னாயே, நாலு தடவை கேட்டும் அந்த இடத்தில்தான் நிறுத்தினேன். பாஸ்புக்கை ஒளித்து வைத்துவிட்டு உன் மேல் பழி போடுகிறாள், சாம்பாரில் ரெண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு நீதான் போட்டாய் என்கிறாள், சொன்னதையே பத்து தடவை கேட்கிறாள். உனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் ராஜி, இதே வார்த்தையை என் அம்மாவைப் பற்றி நான் ரெண்டு வருஷம் சொல்லியிருக்கிறேன். அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

உனக்கு இதுவரை சொல்லாத கதை. 2019இல் அம்மா தன் செயினைக் காணோம் என்று, எங்கள் வீட்டில் பதினாறு வருஷமாகப் பாத்திரம் தேய்த்த அக்கா மேல் பழி போட்டாள். செயின் அரிசிப்பானைக்குள் கிடந்தது. எடுத்துக் காட்டினேன். "அவதான் பயந்துபோய் திரும்பப் போட்டிருக்கா" என்றாள். அந்த அக்கா அன்று தார்சாவில் நின்று அழுதுவிட்டுப் போனவள்தான், அப்புறம் வரவே இல்லை. நான் அம்மாவோடு ஒரு வாரம் பேசவில்லை. ஒரு வாரம் பேசாதிருந்தேன் என்பதே அவளுக்கு ஓர்மை இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்து அவள் சொதி கெட்டது. அம்மா சொதி! ஹாஸ்டலுக்குத் தூக்குச்சட்டியில் வந்தால் புளிச்சாத வார்டன்கூட எட்டிப் பார்ப்பாளே, அந்தச் சொதி. தேங்காய்ப்பால் ஊற்ற மறந்துவிட்டு, வெறும் பாசிப்பருப்பும் காயுமாகக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து டாக்டரிடம் கேட்டேன். "வயசானா அப்படித்தான்" என்றார். எனக்கும் அந்தப் பதில் வசதியாக இருந்தது. இடையில் கொரோனா. இப்படியே ரெண்டு வருஷம் போயிற்று. அந்த ரெண்டு வருஷத்தைத்தான் நீ இழந்துவிடக் கூடாது என்று இதை எழுதுகிறேன்.

2021இல் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். முதலில் ரத்தம் எடுத்தார்கள். பி12 குறைந்தாலோ தைராய்டு கெட்டாலோகூட இப்படி மறதி வருமாம், அதெல்லாம் சரிசெய்யக்கூடியது. அம்மாவுக்கு ரெண்டும் சரியாக இருந்தது. தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அப்புறம் முப்பது மார்க்குக்கு ஒரு பரீட்சை. இன்றைக்கு என்ன தேதி, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மூன்று வார்த்தை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். பளிச்சென்று சொன்னாள். எனக்கு நிம்மதியாகப் போயிற்று. கொஞ்ச நேரம் வேறு ஏதோ கேட்டுவிட்டு, "அந்த மூணு வார்த்தையச் சொல்லுங்கம்மா" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எந்த வார்த்தை?"

வார்த்தை மறந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். வார்த்தை சொன்னதே அவளுக்குள் இல்லை ராஜி. பதினேழு மார்க்.

காதுக்கு நேராக மூளையின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு இடம் இருக்கிறதாம். புதிதாக நடப்பது எதுவும் அதன் வழியாகத்தான் மனதில் பதிய வேண்டுமாம். அம்மாவுக்கு வந்திருக்கும் அல்சைமர் நோய் முதலில் கை வைப்பதே அங்கேதான். "நேத்து சொன்னத அம்மா மறக்கலை. அது ஏறவே இல்லை" என்றார் டாக்டர். பஸ்ஸில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பத்து தடவை கேட்டாள் என்று நாம் எண்ணுகிறோம். அவளுக்கு ஒவ்வொன்றும் முதல் தடவை. பத்தாவது தடவை நான் கத்தும்போது, முதல் தடவை கேட்டதற்கே மகள் ஏன் இப்படிக் கத்துகிறாள் என்றுதான் அவள் திகைத்துப்போய் நின்றிருப்பாள்.

இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்ட அம்மாளைப் பற்றி ஒருநாள் ராத்திரி படித்தேன். ஆகுஸ்ட டேட்டர் என்று பேர். 1901இல் ஜெர்மனியில் பிராங்பர்ட் மனநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். வயசு 51. நம்மை விட நாலு வயசு இளையவள்! புருஷன் ரயில்வேயில் குமாஸ்தா. தொடக்கமே அவர் மேல் வந்த சந்தேகம்தான். செயினும் பாஸ்புக்கும் ஞாபகம் வந்து எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அல்சைமர் என்ற டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். காலிபிளவரும் பன்றிக்கறியும் தின்றுகொண்டிருக்கிறவளிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால், கீரை என்கிறாள். பேரை எழுதச் சொன்னால் முடியவில்லை, என்னையே நான் தொலைத்துவிட்டேன் என்கிறாள். 1906இல் இறந்துபோனாள். மூளையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், செல்லுக்கு வெளியே படிவுகள், உள்ளே முறுக்கிக்கொண்ட நார்கள். அந்த வருஷமே டாக்டர்கள் கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டார். நூறு வருஷம் தாண்டியும் நாம் "கோட்டி பிடிச்சிருச்சு", "நடிக்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நம் நாட்டில் அறுபது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்த மாதிரி மறதிநோய்களில் ஏதாவது ஒன்று இருக்கிறதாம். 2023இல் வந்த கணக்கு, 88 லட்சம் பேர். அவ்வளவு பேரும் எங்கே? உள்கட்டில், கதவைச் சாத்தி.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் கடிதமே.

சாயங்காலம் விளக்கேற்றும் நேரம் வந்தால் அம்மா வேறு ஆளாகிவிடுவாள். இந்த நோய்க்காரர்கள் நிறையப் பேருக்கு அந்திநேரம் அப்படித்தானாம். கேட்டுக்கும் தார்சாவுக்குமாக நடப்பாள். "உங்கப்பாவ இன்னும் காணுமே? சங்கரன்கோயில் வண்டி எந்நேரம் வந்திருக்கணும்!" முப்பது வருஷம் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்தவருக்கு முப்பது வருஷமும் கடைசி பஸ் வரைக்கும் விழித்திருந்து சோறு போட்டவள் அவள். அப்பா 2011இல் போனார். நீயும் வந்திருந்தாய்.

நான் உண்மையைச் சொன்னேன். "அப்பா செத்துப்போயி பத்து வருஷம் ஆச்சும்மா." அப்படியே தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "எங்கிட்ட யாருமே சொல்லலையே! எடுக்கும்போது நான் முகத்தப் பாக்கலையே!" அரைமணி நேரத்தில் அது போய்விட்டது. எழுந்து மறுபடி கேட்டுக்கு. "உங்கப்பாவ இன்னும் காணுமே?" மறுபடி சொன்னேன். மறுபடி அழுதாள். ஒரே ராத்திரியில் மூன்று தடவை அவள் தாலியை அறுத்தேன் ராஜி. பொய் சொல்லக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

செத்ததைச் சொல்லாதீர்கள் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எனக்கு மனசு வரவில்லை. அப்பா உயிரோடு இருக்கிற மாதிரி பேசுவது அவருக்கே செய்கிற மரியாதைக் குறைவு என்று பட்டது. அந்த ராத்திரிக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன். என்ன பேசுவது என்று மட்டும் தெரியவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், அம்மா இல்லை. நாலு மணிக்கு வேலைக்காரம்மா கிளம்பியதற்கும் நான் வந்ததற்கும் நடுவில் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் போய்விட்டாள். இவர் பைக்கில் ஒரு பக்கம், நான் ஆட்டோவில் ஒரு பக்கம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆறே முக்காலுக்கு ஒரு போன். பாளை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு கண்டக்டர். அவளுடைய மஞ்சப்பைக்கு உள்பக்கம் மார்க்கர் பேனாவால் என் நம்பரை எழுதி வைத்திருந்தேன், அதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

போய்ப் பார்த்தால் அம்மா பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் தூக்குச்சட்டி. புருஷனுக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறாள். அந்தப் பையன், முப்பது வயசுகூட இருக்காது, அவளிடம் சொல்லியிருக்கிறான்: "அண்ணாச்சி வண்டி பனவடலிச்சத்திரத்துல பஞ்சராகி நிக்கி ஆச்சி. வர நேரமாகும். நீங்க வீட்டுக்குப் போங்க, சாப்பாட்ட நான் குடுத்திருதேன்." அவளும் சரி என்று சட்டியை அவனிடம் கொடுத்துவிட்டாள். "எப்படித் தம்பி தோணிச்சு?" என்று கேட்டேன். "அவங்க கேட்டதுக்குப் பதில் சொன்னேங்க்கா" என்றான்.

வீட்டுக்கு வந்து சட்டியைத் திறந்தேன். பச்சரிசி. அதன் மேல் ஒரு முழுக் கத்தரிக்காய். அன்றைக்கு நான் அழுத மாதிரி அப்பா போனபோதுகூட அழவில்லை.

அதிலிருந்து நானும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். "வண்டி இப்பத்தான் மானூர் தாண்டிருக்கும்மா." அவளே தொடங்கிவிடுவாள்: "சங்கரன்கோயில், பனவடலி, தேவர்குளம், மானூர், ராமையன்பட்டி…" ஒரு ஸ்டாப் பிசகாது. என் பேர் சில நாள் வருவதில்லை, "டீச்சரம்மா" என்கிறாள். ஆனால் அப்பாவோடு அந்த பஸ்ஸில் அவள் வந்துகொண்டே இருக்கிறாள். பிச்சிப்பூவையும் வாழைநாரையும் முன்னால் வைத்தால் போதும், அந்தக் கை தானாகக் கட்டும். கை படித்தது மூளையில் வேறு இடத்தில் இருக்கிறதாம், அது கடைசியில்தான் போகுமாம். சாயங்காலம் பூ கட்ட உட்கார்த்தினால் முக்கால்வாசி நாள் கேட்டுக்குப் போவதில்லை.

மாத்திரை பற்றிக் கேட்பாய். டொனிபெசில் போகிறது. ராத்திரி கொடுத்தபோது கெட்ட கனவு வந்து அலறினாள், டாக்டரைக் கேட்டுக் காலைக்கு மாற்றினோம். இப்போது மெமன்டின் சேர்த்திருக்கிறார். ரெண்டும் நோயைக் குணமாக்காது, கொஞ்சம் தாக்குப்பிடிக்க வைக்கும், அவ்வளவுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நியூஜெர்சி அண்ணன் லெக்கனிமாப் என்று ஒரு மருந்தைப் பற்றி நடுராத்திரியில் மெசேஜ் மேல் மெசேஜ். 2023இல் அங்கே அனுமதி கொடுத்தது. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும், மூளை வீங்குகிறதா, அதில் ரத்தம் கசிகிறதா என்று ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான். அம்மா அதைத் தாண்டிவிட்டாள். இதை அண்ணனுக்குச் சொன்ன அன்று ரெண்டு பேரும் போனில் பேசாமலே ரொம்ப நேரம் இருந்தோம். மைனி "ஒரு நல்ல ஹோமாப் பாக்கலாமா?" என்று கேட்டாள். தப்பாகக் கேட்கவில்லை. என்னால் முடியாத நாள் வந்தால் நானே கேட்பேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. இன்றைக்கு முடிகிறது.

நீ உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அத்தையைக் கூட்டிக்கொண்டு போ. உன் ஊரில் நல்ல நரம்பு டாக்டர்கள் இருக்கிறார்கள். மறதிக்கு என்று கூப்பிட்டால் வரமாட்டாள், எங்கம்மாவும் வரவில்லை. கால் வலிக்குப் பார்க்க என்று சொல். பி12, தைராய்டு மறக்காதே. வெறும் அதுவாகவே இருந்தால் சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணு, நானும் உடைக்கிறேன். திடீரென்று ரெண்டே நாளில் ரொம்ப மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து உட்கார்ந்துவிடாதே. பங்குனியில் அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காமல், சுவரில் ஆள் நிற்கிறது என்று கத்தினாள். கடைசியில் பார்த்தால் மூத்திரத்தில் கிருமி. மருந்து கொடுத்த ஒரு வாரத்தில் பழையபடி ஆனாள். பாத்ரூமில் உள்தாழ்ப்பாளைக் கழற்று. வாசலில் கறுப்பு மிதியடி கிடந்தால் எடுத்துவிடு. எங்கம்மாவுக்கு அது குழியாகத் தெரிந்திருக்கிறது, அதைத் தாண்ட மாட்டாமல்தான் அறைக்குள்ளேயே நின்றிருக்கிறாள். நான் அதையும் பிடிவாதம் என்றேன்.

இன்னொன்று. பாஸ்புக்கை நீ எடுக்கவில்லை என்று நிரூபிக்கப் பார்க்காதே. "வாங்க அத்தை, சேர்ந்து தேடுவோம்" என்று சொல். ஒளித்த இடத்தை நீ கண்டுபிடித்தாலும் அவள் கையாலேயே எடுக்கவிடு. பழி உன் மேல் வரும்போது வலிக்கும். எனக்குத் தெரியும், என்னை அடித்தே இருக்கிறாள். வலித்தால் இங்கே எழுது, ராத்திரி எத்தனை மணியானாலும் போன் போடு. ஏட்டி, அவளிடம் மட்டும் அதைக் காட்டிவிடாதே.

செயின் காணோம் என்ற அன்று போன அந்த அக்கா வீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மேலப்பாளையம் பக்கம் குடிபோய்விட்டதாகச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு போகிறேன். அம்மாவுக்காக நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது, எனக்காகவும்.

கேட் சத்தம் கேட்கிறது. மணி ஒன்பது நாற்பது, கடைசி வண்டி நேரம். போய் ராமையன்பட்டி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, தோசை ஊற்றிக் கொடுக்க வேண்டும்.

டாக்டரைப் பார்க்கப் போகும் தேதியை எழுது. அரைப்பரீட்சை லீவு என்றால் நானும் கோயம்புத்தூர் வந்து கூட நிற்பேன்.

உன்,
செல்வி

பி.கு.: அத்தையின் பழைய பிரஷர், சர்க்கரை ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ. எப்போதிலிருந்து, என்னென்ன மாற்றம் என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொள். அங்கே போனால் உனக்கு ஒன்றும் வாயில் வராது.